மாரீஸ்வரி குத்துவிளக்கில் காட்டிய நூல்

மாரீஸ்வரி இறந்துவிட்டார் என்று வாட்ஸப்பில் வந்தபோது நான் நம்பவில்லை. எங்கள் ஜவுளி வியாபாரிகள் குழு உயிரோடு இருப்பவர்களுக்கு அஞ்சலி போடுவதில் பேர்போனது. ஒருமுறை அஞ்சலிக்குரியவரே அவசரத்தில் அதற்கு 'ஆழ்ந்த இரங்கல்' என்று பதில் போட்டார். அதனால் கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்து விழுந்தபோது, இதை முதலில் அனுப்பியது யார், அவருக்கு அனுப்பியது யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவருடைய அக்கா பாண்டியம்மாளுக்கே போன் போட்டேன். "ஆமா அண்ணாச்சி. காலையில காப்பி போட்டு வச்சேன். எந்திரிக்கல" என்றார். அதற்குப் பிறகு விசாரிக்க ஒன்றுமில்லை.

எங்கள் வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுதித்தரக் கேட்டார்கள். உங்களில் பெரும்பாலோருக்கு அவரைத் தெரியும். பாதிப் பேர் அவரைத் திட்டியும் இருக்கிறீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எம். புதுப்பட்டியில் பட்டாசுத் தொழிலாளி வீட்டில் பிறந்து, சிவகாசியில் என் ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண்ணாக நின்று, பிறகு சென்னையில் பெரும் பணக்காரர்கள் மட்டும் ஏறி இறங்கும் ஒரு மாடிக்கடையில் கொள்முதல் தலைமை வரை போனவர். கைக்கடிகாரம், வாசனைத் திரவியம், கைப்பை, சேலை என்று எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் விற்கும் கடை அது. அங்கே எந்தப் பொருள் உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று தீர்மானிக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரே மத்தியானத்தில் அந்த நாற்காலியை விட்டு இறங்கியும் வந்தார். எனக்கு அவரை 'அவள்' என்றுதான் வாயில் வரும். இறந்தவரை அப்படி எழுதக்கூடாது என்று என் மகள் சொன்னதால் 'அவர்' போடுகிறேன்.

ஒரு தீபாவளி சீசனுக்குக் கூடுதலாக ஆள் எடுத்தபோதுதான் அவர் என் கடைக்கு வந்தார். வந்த முதல் வாரத்தில் திருத்தங்கல் அம்மாள் ஒருவர் சிவப்புச் சேலையைப் பிடித்துக்கொண்டு சாயம் போகுமா என்று கேட்டார். என் கடையில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. மாரீஸ்வரியோ, "மொத ரெண்டு தண்ணிக்குப் போகும்மா. அதுக்கப்புறம் போறதுக்கு ஒண்ணும் இருக்காது" என்றார். கல்லாவில் இருந்த நான் எண்ணிய நோட்டை மறுபடி எண்ணினேன். எதிர்க்கடைக்காரர் அனுப்பிய ஆளாக இருக்குமோ என்று அன்றைக்கே சந்தேகம் விழுந்தது. அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே அதே சேலையில் இரண்டு எடுத்துப் போனார். அது என் சந்தேகத்தைக் குறைக்கவில்லை. யாரோடு டீ குடிக்கப் போகிறார், யாரோடு பஸ் ஏறுகிறார் என்று கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. பேசிக்கொண்டே எதிரில் நிற்கும் பெண்ணின் முந்தானையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தடவு தடவி விடுவார். கண் வேறெங்கோ இருக்கும். வாடிக்கையாளர்களிடம் இதென்ன பழக்கம் என்று கடிந்துகொண்டேன். "எங்கம்மா பட்டாசுக் கம்பெனி கேட்டுல செக்கிங் நிக்காக அண்ணாச்சி. எனக்கும் கை அப்படியே போகுது" என்றார். பட்டாசுக் கம்பெனிக்குள் போகும் பெண்களை வாசலில் ஒரு அம்மாள் நிறுத்தித் தலையில் இரும்பு ஊசி இருக்கிறதா, மடியில் தீப்பெட்டி இருக்கிறதா, கட்டியிருப்பது பருத்திதானா என்று பார்த்து விடுவது நம் பக்கத்து வழக்கம். நைலக்ஸும் பாலியஸ்டரும் உரசினால் பொறி வரும், வெடிமருந்து அடைக்கும் அறைக்கு ஆகாது. மாரீஸ்வரியின் அம்மா துணியைக் கண்ணால் பார்ப்பதே இல்லையாம், விரல்தான் பார்க்குமாம். அந்த விரலைத்தான் மகள் சென்னைக்குக் கொண்டுபோனார்.

சென்னையில் அவர் சேர்ந்தது பரிசுப்பொருள்களுக்குத் தாள் சுற்றும் வேலைக்கு. சில வருடம் கழித்து நான் கொள்முதலுக்குச் சென்னை போனபோது அந்தக் கடையைப் பார்க்கலாமே என்று போனேன். வாசலில் நின்ற காவலாளி என் வேட்டியைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், கதவைத் திறக்க யோசித்தார். அதற்குள் மாரீஸ்வரி இறங்கி வந்துவிட்டார். கறுப்புக் கோட்டு, காதோரம் வெட்டிய முடி. உள்ளே அவரை 'ஈஷா' என்று யாரோ கூப்பிட்டார்கள். விலைச்சீட்டு எதுவும் கண்ணில் படவில்லையே என்று கேட்டேன். "மறைச்சுத்தான் வைக்கணும் அண்ணாச்சி. வெல கேக்கிறவுகளுக்கு இந்தக் கடை இல்ல" என்றார். அப்புறம் குரலைத் தணித்து ஒன்று சொன்னார்: "ஒரு பொருள எடுக்கிறதுல ஆச தெரியும். திருப்பி வைக்கிறதுல வசதி தெரியும். நான் வைக்கிற கையத்தான் பாப்பேன்." நான் கையில் வைத்திருந்த கண்ணாடிக் குப்பியை எப்படித் திருப்பி வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் வைத்துக்கொண்டே நின்றேன்.

தாள் சுற்றும் இடத்திலிருந்து வாசனைப் பிரிவு, அங்கிருந்து சேலைத் தளத்தின் மேற்பார்வை, பிறகு கொள்முதல் என்று படிப்படியாக ஏறினார். எப்படி ஏறினார் என்று ஊரில் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். ஒரு பெண் உயர்ந்தால் நம் ஆட்களுக்கு வரும் முதல் சந்தேகம் உங்களுக்குத் தெரியும், அதை நான் எழுதப்போவதில்லை. எனக்கு இருந்த சந்தேகம் வியாபாரச் சந்தேகம். அந்த நாற்காலிக்கு வருகிறவர்கள் நெசவாளியிடம் ஒரு பங்கு வாங்காமல் இருக்க மாட்டார்கள் என்பது என் கணக்கு. என் சரக்கை அங்கே வைக்க முடியுமா என்று ஒருமுறை கேட்டேன். அதே விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம ஊருக்கு நல்ல சேல அண்ணாச்சி" என்றார். அது பாராட்டா மறுப்பா என்று ஊர் வந்து சேரும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

சிவகாசி அச்சகக்காரர்கள் அவரை ஒருநாளும் மன்னிக்கவில்லை. அந்தக் கடையின் பரிசுப் பெட்டிகள் அச்சிடும் ஆர்டர் நம் ஊர் அச்சகம் ஒன்றுக்கு வந்தது. அவர் பெயரைச் சொல்லித்தான் வாங்கினார்கள். முதல் லோடு போய் இறங்கியதும் முழுசாகத் திரும்பி வந்தது. மூடியில் ஒட்டிய தங்கத்தாள் ஒரு நூல் கோணலாம். அச்சக முதலாளி என் கடைக்கு வந்து, "உங்கட்ட வேல பாத்த பிள்ளதான, ஒரு வார்த்த சொல்லுங்க" என்று கெஞ்சினார். போன் செய்தேன். "சொந்த ஊர்க்காரன்னு இந்த லோட விட்டா, அடுத்த ஆர்டர் எந்த ஊருக்குப் போகும்னு நெனைக்கீக?" என்று கேட்டார். சொன்னது நியாயம்தான். ஊரோ, வேறு அச்சகத்தோடு பேசி வைத்துக்கொண்டுதான் இதைத் திருப்பினார் என்று முடிவு கட்டிவிட்டது. எனக்கும் அதில் பாதி நம்பிக்கை இருந்தது.

வருடந்தோறும் விருதுநகர் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்குத் தவறாமல் வருவார். பாண்டியம்மாள் வீட்டில் தங்குவார். அக்காவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கும் வேலை. தங்கை எவ்வளவு உயர்ந்தும் அவர் அந்த வேலையை விடவில்லை. புதுப்பட்டித் தெருவில் மாரீஸ்வரி நடந்தால் பெண்கள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வார்கள். "தொட்டுப் பாத்து வெல போடுதா, நம்ம தராதரத்தச் சோதிக்கா" என்று பேச்சு. அவர் அம்மா கேட்டில் நின்றபோது அதே கைக்குப் பேசாமல் நின்றவர்கள்தான் இவர்கள். கோட்டுப் போட்ட கை என்றதும் சந்தேகம் வந்துவிட்டது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அவருடைய கடை, சுத்தப் பருத்திக் கைத்தறி என்று ஒரு சேலை வகையை ஒரு வருடத்துக்கு மேலாக விற்றுக்கொண்டிருந்தது. சென்னையில் அதைக் கட்டாத பெரிய வீட்டுப் பெண் இல்லை என்றார்கள். தீபாவளி விளம்பரத்துக்காக அதே சேலையைப் பட்டாசுத் தொழிலாளிப் பெண்களுக்கு இலவசமாகக் கொடுத்துப் படம் எடுப்பதென்று மேலிடம் தீர்மானித்தது. ஊர் எம். புதுப்பட்டி, வழங்குபவர் அந்த ஊரில் பிறந்த மாரீஸ்வரி. படத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? கல்யாண மண்டபத்தில் மேடை, குத்துவிளக்கு, கேமராக்கள். சங்கத்தின் சார்பில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். தானம் கொடுக்கிறவன் கேமராவோடு வந்தால் நான் முதலில் தானத்தைத்தான் பார்ப்பேன். சேலைகளை ஒளிபுகும் உறைக்குள் வைத்து ஒட்டியிருந்தார்கள். 'நூறு சதம் பருத்தி' என்று ஒரு அழகான சீட்டு. தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். கடைப் பெண் ஒருத்தி, "சார், ப்ளீஸ்" என்று தட்டை நகர்த்திவிட்டாள்.

எனக்குப் பின்னால் இருந்த பெண்கள், நாளைக்கே கட்டிக்கொண்டு வேலைக்குப் போவதாகப் பேசிக்கொண்டார்கள். "பருத்திதானக்கா, சீட்டே போட்டிருக்கு. கேட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாக." எந்தக் கேட்டிலும் சொல்லியிருக்க மாட்டார்கள்தான். இப்போதெல்லாம் விரலால் பார்க்கிற ஆள் கேட்டில் கிடையாது, சீட்டைப் பார்க்கிற ஆள்தான்.

வரிசையில் பாண்டியம்மாள் வந்தார். அக்காவுக்குத் தங்கை சேலை கொடுக்கும் காட்சி என்பதால் கேமராக்காரர்கள் நெருங்கி வந்தார்கள். மாரீஸ்வரி சிரித்தபடி உறையை நீட்டினார். பாண்டியம்மாள் வாங்கவில்லை. தங்கையின் முகத்தை நேராகப் பார்த்து, "ஏ மாரி, இது கோயிலுக்குக் கட்டவா, வேலைக்குக் கட்டவா?" என்று கேட்டார். முன்வரிசையில் இருந்த எனக்கு நன்றாகக் கேட்டது. வெள்ளந்தியான கேள்வி என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மாரீஸ்வரியின் சிரிப்பு நின்றுவிட்டது. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. கேமராக்காரர், "இன்னொருக்கா குடுங்க மேடம்" என்றார்.

அவர் இன்னொரு முறை கொடுக்கவில்லை. உறையைக் கிழித்தார். முந்தானை ஓரத்தை விரலில் தடவினார். ஒரு நூலை உருவிக்கொண்டு, "தீப்பெட்டி இருக்கா?" என்று மைக்கில் கேட்டார். ஊருக்கெல்லாம் தீப்பெட்டி செய்து அனுப்பும் பூமியில் நடந்த கூட்டத்தில் ஒருவர் மடியிலும் தீப்பெட்டி இல்லை. பட்டாசு வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அவர் திரும்பிப் போய், சிறப்பு விருந்தினர் ஏற்றி வைத்த குத்துவிளக்கில் நூலைக் காட்டினார். பருத்தி என்றால் காகிதம்போல எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலாக வேண்டும். இது உருகிச் சுருண்டது. நுனியில் கடுகுபோல ஒரு கறுப்பு உருண்டை. அதை உள்ளங்கையில் வைத்து முன்வரிசைப் பெண்களிடம் காட்டிக்கொண்டே சொன்னார்: "இதுல பாலியஸ்டர் கலந்திருக்கு. யாரும் இதக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போகக் கூடாது. எங்க கடையில பருத்தின்னு சொல்லி விக்கிறதும் இதேதான்."

முதல் இரண்டு வாக்கியத்தோடு நிறுத்தியிருந்தால் அவர் பிழைப்புத் தப்பியிருக்கும். ஏதோ ஒரு கட்டு மாறி வந்துவிட்டது என்று கடை சமாளித்திருக்கும். மூன்றாவது வாக்கியம் முடிந்ததும் கடை ஆள் ஒருவர் மைக்கைப் பிடுங்கிவிட்டார். மாரீஸ்வரி மேடையை விட்டு இறங்கி மண்டப வாசலில் போய் நின்றார். வெளியே போன ஒவ்வொரு பெண்ணிடமும் சேலையைத் திரும்ப வாங்கினார். அவருக்குக் கிடைத்த வசவு கொஞ்சநஞ்சமல்ல. "குடுத்ததப் புடுங்குதாளே, இவ வெளங்குவாளா" என்று ஒரு அம்மாள் மண்ணை வாரித் தூற்றினார். இன்னொருவர் சேலையைப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு போகப் பார்த்தார். அதையும் வாங்கிவிட்டுத்தான் விட்டார்.

மேடையில் நடந்ததை யாரோ போனில் எடுத்து அனுப்ப, மறுநாளே சென்னைக்குப் போய்விட்டது. சரக்கு அனுப்பியவர்தான் ஏமாற்றினார், எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று கடை அறிக்கை விட்டது. மாரீஸ்வரி வேலையில் இல்லை என்பது அறிக்கையின் கடைசி வரியில் இருந்தது. அவர் பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். நம் ஊர் சும்மா இருக்குமா? முதலாளியோடு மனஸ்தாபம், பழி தீர்த்துவிட்டார் என்றார்கள். போட்டிக் கடை கொடுத்த யோசனை என்றார்கள். சொந்தமாகக் கடை போடப் போகிறார், அதற்கு விளம்பரம் என்றும் சொன்னார்கள். அவர் எந்தக் கடையும் போடவில்லை. அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள்.

என் சந்தேகம் வேறு. என் கடையில் நின்ற காலத்திலேயே விரலால் கலப்படத்தைக் கண்டுபிடித்தவர் அவர். அந்தச் சேலை ஒரு வருடமாக அவர் கையெழுத்தில் உள்ளே வந்திருக்கிறது. ஒருநாள் கடைக்கு வந்தவரிடம் நேராகவே கேட்டேன்: "மேடையில தொட்டப்பத்தான் தெரிஞ்சுதுங்கிறதை நான் எப்படி நம்புறது?" அவர் கோபப்படவில்லை. "மேல போகப் போகத் துணி நம்மகிட்ட வராது அண்ணாச்சி, பேப்பருதான் வரும். பேப்பரத் தொட்டா எல்லாம் பருத்தியாத்தான் இருக்கும்" என்றார். பதில் ரொம்ப நன்றாக இருந்தது. அதனாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை. யோசித்து வைத்திருந்த பதில் மாதிரி இருந்தது. எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

காரியம் முடிந்த பிறகு புதுப்பட்டிக்குப் போனேன். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாண்டியம்மாள் எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். சாவு வீட்டில் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன்: "அந்தச் சேல சங்கதி அவளுக்கு முன்னாடியே தெரியுமா தாயி?"

"தெரியும்" என்றார். எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டார். "அதுக்கு முந்துன பங்குனிப் பொங்கலுக்கு எனக்கு இதே சேலதான் எடுத்தாந்தா. 'அக்கா, இதக் கோயிலுக்கு மட்டும் கட்டு, வேலைக்குக் கட்டாத'ன்னா. ஏன்னு கேட்டேன். சாயம் ஒட்டும்னா. எனக்கும் எங்கம்மா கைதான அண்ணாச்சி? தொட்டதுமே தெரிஞ்சு போச்சு. அவ பொழப்புன்னு பேசாம இருந்துட்டேன். பணக்காரவுக கட்டுதாக, என்ன கெட்டுப் போச்சுன்னு."

"பெறகு ஏன் மேடையில அப்படிக் கேட்ட?"

"மறுநா எல்லாப் பிள்ளைகளும் அதக் கட்டிக்கிட்டு மருந்து ரூமுக்கு வந்திருவாளுக. அதான்."

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. "நீ கேக்கலேன்னா அவளே சொல்லியிருப்பாளா?"

"சொல்லுவான்னு நம்பியிருந்தா நான் பேசாம வாங்கிட்டு வந்திருப்பேனே. நம்பல. அதான் கேட்டேன்" என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கேட்டதும் சொல்லிட்டா பாருங்க" என்று அழுதார். தங்கை இறந்த நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

ஆக, தெரிந்துதான் விற்றார். தெரிந்துதான் எரித்தார். அக்கா அதே அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறார் என்பதற்காக எரித்தாரா, எல்லாப் பெண்களுக்காகவும் எரித்தாரா, எல்லோர் முன்னாலும் அக்கா கேட்டுவிட்ட வெட்கத்தில் எரித்தாரா என்பது எனக்குத் தெரியாது. மூன்றில் ஒன்றை எடுத்து அவருக்கு மாலையாகப் போட எனக்கு மனம் வரவில்லை. கோணலான தங்கத்தாளையே விடாதவர், தன்னைப் பற்றி நான் பூசி மெழுகி எழுதினால் லோடைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஞாயிற்றுக்கிழமை அல்ல, அதற்கு மறுநாள். அந்தத் திங்கட்கிழமை புதுப்பட்டிப் பெண்கள் மாரீஸ்வரியை வைதுகொண்டே, தங்கள் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். மருந்து அறையில் உட்கார்ந்தும் வைதிருப்பார்கள். சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால், அவர் செய்தது அவசியம்தானா என்று ஊரில் இன்னும் சந்தேகமாகக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும், எல்லோரும் உயிரோடு இருந்துதானே கேட்கிறார்கள்.